தேக்குக் கன்றுகளுக்கு நறுமண எண்ணெய்ப் புழுக்கொல்லி: ஒரு பருவம் தெளித்துப் பார்த்தபின்

கிராம்பு எண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய், யூகலிப்டஸ் தைலம் ஆகிய மூன்றையும், எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் பால்மமாக்கியுடன் சேர்த்து, தண்ணீரில் கலந்து தெளிக்கும் அடர்கரைசலாக விற்கப்படும் ஒரு புழுக்கொல்லியைச் சென்ற பருவம் முழுவதும் தேக்கு நாற்றங்காலிலும் அதையடுத்த இளந்தோட்டத்திலும் பயன்படுத்தினேன். நாற்றங்காலுக்கும், கைக்கு எட்டும் உயரத்தில் உள்ள கன்றுகளுக்கும் இதைத் தயங்காமல் வாங்கலாம்; வளர்ந்த மரங்களைக் காப்பாற்றும் என்று நம்பி வாங்குவது வீண். பாட்டிலின் லேபிளோ "வன மரங்கள் அனைத்திற்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியதே அந்த ஒரு வரிதான்.

தேக்கின் இலையைத் தின்னும் புழுக்களில் மிகுந்த சேதம் செய்வது ஹைப்லியா பியூரா என்னும் அந்துப்பூச்சியின் புழு. தாய்ப்பூச்சி சில நூறு முட்டைகளை இளந்தளிர்களில் தனித்தனியாக இட்டுச் செல்கிறது. இரண்டு மூன்று நாட்களில் பொரிந்துவிடும் புழு, ஐந்து வளர்ச்சி நிலைகளைக் கடந்து ஏறத்தாழ 4 செ.மீ. நீளத்திற்கு வளர்கிறது. இலை போனாலும் மரம் சாவதில்லை, மீண்டும் தளிர்த்துவிடுகிறது. அதனாலேயே பலர் இந்தச் சேதத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் நடத்திய ஆய்வு, 4 முதல் 9 வயது வரையிலான மரங்களில் வளர்ந்திருக்க வேண்டிய மரக்கன அளவில் 44 விழுக்காடு இந்தப் புழுவால் இழக்கப்படுகிறது என்று கணக்கிட்டது. மரம் தன் சேமிப்பையெல்லாம் இலையை மீண்டும் விடுவதற்கே செலவழித்தால் தண்டு பருப்பது எப்படி? கன்றுப் பருவத்தில் இந்த இழப்பு இன்னும் கொடியது, ஏனெனில் நுனிக்குருத்தும் சேர்ந்து போய்விட்டால் நேராக வளர வேண்டிய தண்டு கவைத்துவிடுகிறது.

இளம்புழு இலையின் ஓரத்தைச் சிறிது வெட்டி, அந்தத் துண்டைத் தன் மேல் மடித்து, பட்டிழையால் தைத்துக்கொண்டு உள்ளே ஒளிந்திருக்கும். புழுவின் உடலில் பட்டால் மட்டுமே கொல்லும் சாதாரணத் தொடுமருந்துகள் தோற்பது இந்த மடிப்பிடம்தான், துளி உள்ளே போவதில்லை. முதல் முறை இந்தக் கரைசலை லிட்டருக்கு 5 மில்லி வீதம் கலந்து, வெயில் இறங்கிய பிறகு இலைகளின் அடிப்புறம் நனையத் தெளித்துவிட்டு, ஒரு கன்றின் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சில நிமிடங்களில் மடிப்புகள் அசையத் தொடங்கின. புழுக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, தலையை இரு பக்கமும் ஆட்டியபடி தடுமாறி, இழை விட்டுத் தொங்கின. மிகச் சிறியவை இழையிலேயே சுருண்டு அசைவற்றுப் போயின. விரல்கடை நீளத்திற்கு வளர்ந்திருந்தவற்றுள் சிலவோ, சிறிது நேரம் தொங்கியபின் தெளிவு பெற்று, விட்ட இழையைப் பற்றிக்கொண்டே மேலே ஏறி இலைக்குத் திரும்பின. அந்த ஒரு மாலைக் காட்சியிலேயே இந்த மருந்தின் பலமும் பலவீனமும் சேர்ந்து தெரிந்துவிட்டன.

பலத்திற்குக் காரணம் எண்ணெயின் ஆவி. துளி படாத இடத்திற்கும் ஆவி போய்ச் சேர்கிறது, மடிப்புக்குள் தங்குகிறது. கிராம்பின் யூஜெனால் பூச்சிகளின் நரம்பு மண்டலத்தில் ஆக்டோபமைன் என்னும் வேதிப்பொருளின் வேலையில் குறுக்கிடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த வேதிப்பொருளுக்கு மனிதர் உள்ளிட்ட முதுகெலும்புள்ள உயிர்களின் உடலில் பெரிய பங்கு இல்லை. யூகலிப்டஸ் தைலத்தின் சினியோலும் எலுமிச்சைப்புல்லின் சிட்ராலும் வேறு வழிகளில் நரம்பைத் தாக்குவதோடு புழுவைத் தின்னவிடாமலும் விரட்டுகின்றன. ஒரே எண்ணெயிலும் பல சேர்மங்கள் கலந்திருப்பதால், தனியொரு வேதிமருந்துக்கு வளர்வது போல இதற்கு எதிர்ப்புத்திறன் அத்தனை விரைவில் வளராது என்று எதிர்பார்க்கலாம்.

பலவீனத்திற்குக் காரணமும் அதே ஆவிதான். மாலையில் தெளித்தால் மறுநாள் காலையில் மணம் மெலிதாகத் தெரிகிறது. வெயில் ஏறியபின் முகர்ந்து பார்த்தால் ஒன்றுமில்லை. அதாவது, தெளித்த நேரத்தில் இலைமேல் இருந்த புழுக்களுக்கு மட்டுமே இது மருந்து, மறுநாள் பொரியும் புழுவுக்கு அன்று. அந்துப்பூச்சிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த நாட்களில் மூன்று நான்கு நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் தெளிக்க வேண்டியிருந்தது. நாற்றங்கால் பாத்திகளில் இது பெரிய சுமையாக இல்லை. இளந்தோட்டத்தில் மூன்றாம் சுற்றிலேயே ஆட்கள் களைத்துவிட்டார்கள். உச்சியில் இலை விரிக்கும் உயர்ந்த மரங்களில், துளியை மேலே கொண்டு சேர்ப்பதே கடினம் என்பதோடு, காற்று வீசும் அந்த உயரத்தில் ஆவி நின்று வேலை செய்வதற்கும் வாய்ப்பில்லை. எண்ணெயை நுண்ணுறைகளில் அடைத்து மெல்ல மெல்ல வெளிவிடும் வடிவங்கள் ஆய்வில் உள்ளன. நான் வாங்கியது அந்த வகையைச் சேர்ந்தது அன்று.

என் முக்கியமான மனக்குறை லேபிளைப் பற்றியது. மூன்று எண்ணெய்களின் பெயர்கள் இருக்கின்றனவே தவிர, எது எவ்வளவு என்றோ, யூஜெனாலும் சிட்ராலும் எத்தனை விழுக்காடு என்றோ குறிப்பில்லை. நறுமண எண்ணெயின் சேர்மானம் செடியின் இரகம், அறுவடைக் காலம், காய்ச்சி வடித்த முறை ஆகியவற்றைப் பொறுத்து மாறக்கூடியது. அளவு தெரியாமல் ஒரு பாட்டிலின் அனுபவத்தை அடுத்த பாட்டிலுக்கு எப்படிப் பொருத்துவது? இரண்டாவதாக, இலை கருகும் என்னும் எச்சரிக்கை எங்கும் இல்லை. "கடும் தாக்குதலுக்கு 10 மில்லி" என்ற குறிப்பை நம்பி ஒரு பாத்தியில் அந்த அளவில் தெளித்தேன். இரண்டாம் நாள் குருத்திலைகளின் ஓரங்கள் சூடு பட்டதுபோல் பழுப்பேறி உள்நோக்கிச் சுருண்டன. முற்றிய இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. புழுவிடமிருந்து காப்பாற்ற நினைத்த குருத்தை நானே கருக்கிவிட்டேனே என்று அந்தப் பாத்தியைக் கடக்கும்போதெல்லாம் மனம் வலித்தது. புதிதாக வாங்குவோர் முதலில் நான்கைந்து கன்றுகளில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். நண்பகலில் தெளிக்கவே கூடாது.

தெளிப்பானின் ரப்பர் வாஷர் சில வாரங்களில் உப்பிப் பிதுங்கி ஒழுகத் தொடங்கியது. இது கிராம்பு எண்ணெயின் இயல்பு. தெளித்து முடித்தவுடன் சோப்புத் தண்ணீரால் கழுவுவது அவசியம்.

தாவரத்திலிருந்து வந்தது என்பதால் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. கலக்காத கரைசல் தோலில் பட்டால் எரிகிறது, கண்ணில் பட்டால் பெரும் துன்பம். கையுறையும் கண்ணாடியும் வேண்டும். தேனீக்களையும், புழுக்களை அழித்து நமக்கு உதவும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் ஈரத்துளி நேரடியாகத் தொட்டால் அவையும் சாகக்கூடும். ஆனால் இலைமேல் மருந்தின் எச்சம் நிலைக்காததால், அவை கூடடைந்தபின் மாலையில் தெளித்தால் மறுநாள் வரும் பூச்சிகளுக்கு ஆபத்து மிகக் குறைவு. நீடிக்காமை என்று நான் குறை சொன்ன அதே குணம் இங்கே நிறைவாகிறது. மருந்தடித்த பாத்தியில் மறுநாள் காலையிலேயே சிலந்திகள் வலை கட்டியிருந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன்.

விற்பனையாளர்கள் பலர் இதை வேப்பெண்ணெயோடு ஒன்றாக வைத்துப் பேசுகிறார்கள், அது பிழை. வேப்பெண்ணெய் விதையைப் பிழிந்து எடுப்பது, ஆவியாகிப் போவதில்லை. அதிலுள்ள அசாடிராக்டின் புழுவின் பசியையும் தோலுரிப்பையும் கெடுத்து மெல்ல வேலை செய்கிறது. உண்மையான போட்டி பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா மருந்தோடுதான். அதைப் புழு தின்றாக வேண்டும், தின்றபின் சாக ஓரிரு நாளாகும். ஆனால் தேனீக்களுக்குத் தீங்கில்லை, இலையும் கருகுவதில்லை. பெரிய மரங்களுக்கு நான் அதையே நாடுவேன். இந்தப் புழுவை மட்டும் தாக்கும் வைரஸ் ஒன்றையும் கேரள ஆய்வாளர்கள் தோட்டங்களில் சோதித்திருக்கிறார்கள். கண்ணெதிரே புழு குருத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது, அன்று மாலையே நிறுத்த வேண்டிய அவசரத்திற்கு நறுமண எண்ணெய்க்கு ஈடாக என் கையில் வேறொன்று இல்லை.

அடுத்த பருவத்திலும் வாங்குவேன், ஆனால் சிறிய பாட்டிலாக. வெளிச்சமும் காற்றும் பட்டால் சிட்ரால் கெட்டுப்போகும். பாதி தீர்ந்த என் பாட்டிலில் எலுமிச்சை வாசம் இப்போதே மங்கிவிட்டது.