மடிப்பாக்கத்தில் சோலார் பேனல் கழுவ வருபவர் பற்றி

எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 12 யூனிட் வரை தரும், மார்ச்சில் அது 9-க்கு இறங்கியதும் பயந்துபோய் ஆள் கூப்பிட்டேன். முதலில் வந்தவர்கள் உச்சி வெயிலில், கொதிக்கிற கண்ணாடி மேல் போர் தண்ணீரை அடித்துவிட்டுப் போனார்கள், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புத் திட்டு. சூடான கண்ணாடியில் சில்லென்று தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது வருபவர் அப்படி இல்லை. காலை ஆறரைக்கே மாடி ஏறிவிடுகிறார். இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு ஆர்ஓ தண்ணீர், மெத்தென்ற பிரஷ், சோப்புப் பொடி கிடையவே கிடையாது. கீழ் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த காக்கா எச்சத்தின் மேல் ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து, சுரண்டாமல் எடுத்தார். அந்தச் சின்னத் திட்டுக்குக் கீழே இருக்கும் செல் (பேனலுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சின்னக் கட்டம்) சூடேறி மற்ற செல்களின் உற்பத்தியையும் குறைத்துவிடுமாம். அப்புறம், பக்கத்துத் தென்னை ஓலையின் நிழல் மூன்று மணிக்கு மேல் விழுவதையும் அவர்தான் காட்டினார், வெட்டிவிட்டோம். மறுநாள் 11.6 யூனிட்! 500 ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் பதில் வரத்தான் இரண்டு நாள் ஆகிறது.