தூக்கி வைக்கிறவளுக்குத் தெரியும்: சூப்பர்லெஜ்ஜேரா கதிரை

இத்தாலியில், மிலானோவில் ஒரு சிஞ்ஞோராவின் (வீட்டு அம்மாவின்) வீட்டில் 9 வருடமாக வேலை செய்கிறேன். அங்கே சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு சூப்பர்லெஜ்ஜேரா கதிரைகள். நிலம் துடைக்க தினமும் ஆறையும் தூக்கி வைக்கிறவள் நான்தான்.

ஒரு கதிரை 1.7 கிலோ. ஒரு கையில் துடைப்பம் இருந்தாலும் மறுகையால் எடுத்துவிடலாம். முன்பு வேலை செய்த வீட்டில் கனத்த ஓக் கதிரைகள். இழுத்தால் நிலம் கீறும், தூக்கினால் இடுப்பு பிடிக்கும். இங்கே வந்த பிறகு அந்த வலியே இல்லை.

முதல் வாரம் கதிரைக் காலைத் துணியால் துடைக்கும்போதுதான் கவனித்தேன், விரலுக்கு விளிம்பு தட்டியது. கால் உருண்டையாக இல்லை, முக்கோணம்! தடிப்பு 18 மில்லிமீற்றர்தான். ஆஷ் மரம். இவ்வளவு மெல்லிய காலை நம்பி உட்காரலாமா என்று பயந்தேன். நல்ல பருமனான விருந்தாளிகள் இரண்டு மணிநேரம் இருந்து சாப்பிட்டு எழும்புகிறார்கள், ஒரு முனகல் கூட வராது.

இதை வரைந்தவர் ஜியோ போன்டி, கட்டடக் கலைஞர். கியாவரி ஊரின் பழைய மெல்லிய கதிரையை எடுத்து, தேவையில்லாத மரத்தையெல்லாம் வருடக்கணக்காகக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். 1957-இல் கஸ்ஸீனா என்ற தளபாடக் கம்பனி இதை வெளியிட்டது. சென்ட்ராலே ஸ்டேஷனுக்கு முன்னால் நிற்கிற பிரெல்லி கோபுரமும் அவர் வேலைதான். 127 மீற்றர் உயரம், ஆனால் இரண்டு ஓரமும் கத்தி போல ஒடுங்கிப் போகும். பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்தால் எனக்கு இந்தக் கதிரைக் கால்தான் ஞாபகம் வரும். கோப்பி மெஷின், கைகழுவும் பேசின் என்று வீட்டுச் சாமான்களையும் வரைந்திருக்கிறார். கட்டடம் பெரிது, கதிரை சின்னது என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை, அதுதான் எனக்கு அவரில் பிடித்தது.

குறை என்றால் பிரம்பு இருக்கைதான். பின்னல் மிக நுணுக்கம், தூசு போய் உட்கார்ந்துவிடும். ஈரத்துணி வேண்டாம், மெல்லிய பிரஷ் போதும். பல்ப் மாற்ற ஒருவர் ஏறி நின்று ஒன்றைக் கிழித்துவிட்டார், திரும்பப் பின்னி வர ஆறு கிழமை எடுத்தது.

புதிதாக ஒன்று வாங்க என் ஒரு மாதச் சம்பளம் போதாது. பழையது கிடைத்தால், முதலில் பிரம்பைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் முதுகைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கால் சேருமிடத்தில் அசைவு இல்லையென்றால் வாங்கலாம்.