சிறுவயது ஓவர்ஸ்டேயும் ஸ்டூடண்ட் விசாவும்: கன்சல்டன்சியை நம்பி நாங்கள் பட்டது

குழந்தையாக இருந்தபோது அப்பா அம்மாவுடன் அமெரிக்காவில் விசா காலம் முடிந்தும் தங்கிவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள், இப்போது எம்.எஸ். படிக்கப் போகும் வயதுக்கு வந்திருப்பார்கள். 2008, 2009 வேலையிழப்பு சமயத்தில் எங்களைப் போல மாட்டிக்கொண்ட குடும்பங்கள் நிறைய உண்டு. அந்தப் பெற்றோர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திருச்சியில் ஒரு கன்சல்டன்சிக்கு மொத்தம் 1,75,000 ரூபாய் கொடுத்தோம். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என் மகள் வாழ்நாள் முழுக்க அந்த நாட்டுக்குள் போக முடியாமல் செய்யக்கூடிய ஒரு பொய்யை அவள் பெயரிலேயே எழுதி அனுப்பிவிட்டார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் கணவர் எச்-1பி என்ற வேலை விசாவில் நியூஜெர்சியில் வேலை பார்த்தார். நானும் மகளும் அவர் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருந்தோம். 2009 தொடக்கத்தில் அவருக்கு வேலை போயிற்று. இப்போது வேலை போனால் 60 நாள் வரை அவகாசம் கிடைக்கிறது. அந்த விதி 2017-இல்தான் வந்தது, அப்போது அதெல்லாம் கிடையாது. இன்னொரு கம்பெனி போட்ட மனுவும் நிராகரிக்கப்பட்டது. எங்கள் மூவரின் ஐ-94, அதாவது எந்தத் தேதி வரை அங்கே தங்கலாம் என்ற அனுமதிப் பதிவு, செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்தது. இதோ வேறு ஒரு கம்பெனி எடுத்துக்கொள்ளும், அதோ எடுத்துக்கொள்ளும் என்று காத்திருந்தே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. 2010 அக்டோபரில் திரும்பி வந்தோம். மகளுக்கு அப்போது 7 வயது. நியூஜெர்சியின் எடிசன் ஊரில் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். இது எங்கள் தவறு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தைக்கு அதில் என்ன பங்கு?

2024-இல் அவள் பி.இ. முடித்தாள். நல்ல பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்து, ஐ-20 என்ற சேர்க்கைச் சான்றும் வந்துவிட்டது. விசா என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தெரிந்தவர்கள் சொல்லித்தான் அந்த அலுவலகத்துக்குப் போனோம். சுவர் முழுக்க விசா வாங்கிய பிள்ளைகளின் போட்டோக்கள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அங்கிருந்தவர் சொன்னார்: “ஒரு வருஷத்துக்கு மேல ஓவர்ஸ்டேன்னா பத்து வருஷத் தடை மேடம். பொண்ணு மேலயும் இருக்கும். வேவர், அதாவது தடைவிலக்கு ஃபைல் போடணும். அது சாதாரணமா கிடைக்காது, நமக்கு ஆள் இருக்கு.”

பதிவுக் கட்டணம் என்று 25,000 வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். வேவர் ஃபைலுக்கு என்று 1,20,000. அதை ஒரு தனிநபர் எண்ணுக்கு ஜிபேயில் இரண்டு நாளாகப் பிரித்து அனுப்பச் சொன்னார்கள். ரசீது கேட்டதற்கு, “கான்ஃபிடென்ஷியல் ஃபைல் மேடம், பில் போட முடியாது” என்றார்கள். அங்கேயே நாங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும். பயம் மனிதரை எப்படியெல்லாம் தலையாட்ட வைக்கிறது!

இன்னொன்றும் செய்தார்கள். ஐ-94 இணையதளத்தில் மகளின் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு, பயண வரலாறு எதுவும் வராததைத் திரையில் காட்டினார்கள். “பாத்தீங்களா, சிஸ்டத்துலயே இல்ல. அப்போ எல்லாம் பேப்பர் கார்டு. 2013-க்கு அப்புறம்தான் கம்ப்யூட்டர்.” பாதி உண்மையை வைத்து முழுப் பொய்யை விற்பது இப்படித்தான். விமானத்தில் வருகிறவர்களுக்கு ஐ-94 மின்மயமானது 2013-இல் என்பது சரி. ஆனால் அந்த இணையதளம் காட்டுவது கடந்த பத்து வருடப் பயணத்தை மட்டும்தான். 2010-இல் வெளியேறியது 2024-இல் அதில் எப்படித் தெரியும்? பேப்பர் கார்டு காலத்திலும், ஊர் திரும்பும்போது விமான நிறுவனம் அந்தக் கார்டை வாங்கிக்கொள்ளும், விவரம் பதிவாகும். பழைய விசாவின் விவரமும் போட்டோவும் அவர்களிடம் இருக்கவே செய்யும். நம் கண்ணுக்குத் தெரியாதது அதிகாரியின் கண்ணுக்கும் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள்.

விசாவுக்கான டிஎஸ்-160 விண்ணப்பப் படிவத்தை அவர்களே நிரப்பினார்கள். மகளை அழைத்து, கடைசிப் பக்கத்தில் பாஸ்போர்ட் எண்ணை அடித்து “சைன் அண்ட் சப்மிட்” பட்டனை மட்டும் அழுத்தச் சொன்னார்கள். எங்கள் கைக்கு வந்தது ஒரே ஒரு தாள், கன்ஃபர்மேஷன் பக்கம். அதில் போட்டோ, பெயர், பார்கோடு எல்லாம் இருக்கும். எந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதியிருக்கிறது என்பது மட்டும் இருக்காது. முழு விண்ணப்பத்தின் பிரதி வேண்டும் என்று கேட்கக்கூட எங்களுக்குத் தெரியவில்லை. அப்ளிகேஷன் ஐடி, பாதுகாப்புக் கேள்விக்கான பதில் எல்லாமே அவர்களிடம்தான்.

இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் முன்னால் மாக் இன்டர்வியூ வைத்தார்கள். அதில் மகளிடம், “அமெரிக்கா போயிருக்கியான்னு கேட்டா இல்லன்னு சொல்லிடும்மா. அப்போ நீ சின்னக் குழந்தை, அது கணக்குல வராது” என்று பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சென்னையில் என் அக்கா வீட்டில் தங்கியிருந்த இரவு, தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தவள் இதைச் சொன்னாள். “அம்மா, வேவர் ஃபைல் போட்டிருக்காங்கன்னா, நான் ஏன் இல்லன்னு சொல்லணும்?” எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. ஓவர்ஸ்டே இருந்தது என்று ஒப்புக்கொண்டால்தானே வேவருக்கே வேலை? அந்த நேரத்திலேயே ஏஜென்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நாலைந்து முறை போட்டேன். அப்புறம் மகளிடம், “எது உண்மையோ அதைச் சொல்லு, விசா வராட்டி வராமப் போகட்டும்” என்றேன். நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் தூதரகத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். முக்கால் மணி நேரத்தில் வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இதற்கு முன் அமெரிக்காவில் இருந்திருக்கிறாயா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். “ஆமாம், ஒன்றாம் வகுப்பு அங்கேதான் படித்தேன்” என்று சொல்லியிருக்கிறாள். அவர் திரையைப் பார்த்துவிட்டு, உன் படிவத்தில் இல்லை என்று இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார். இவளுக்குப் பேச்சே வரவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. பிறகு 214(பி) என்று அச்சடித்த தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். படிப்பு முடிந்து ஊர் திரும்புவார் என்று நம்ப முடியாதபோது விசாவை மறுக்கும் பிரிவு அது. திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள். நான் பொய் சொல்லலையேம்மா என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கன்சல்டன்சிக்குப் போய்க் கேட்டோம். யார் உண்மையைச் சொல்லச் சொன்னது என்று எங்களையே குற்றவாளி ஆக்கினார்கள். அடுத்த முயற்சிக்கு செவிஸ் கட்டணம், அதாவது வெளிநாட்டு மாணவர் பதிவுக்கு அமெரிக்க அரசு வாங்கும் கட்டணம், மறுபடி கட்ட வேண்டும் என்று 30,000 ரூபாயும் வாங்கினார்கள். “இங்க வேண்டாம், சிங்கப்பூர்ல இன்டர்வியூ ஸ்லாட் போட்டுத் தர்றேன்” என்றும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மகளே மின்னஞ்சல் அனுப்பினாள். இமிக்ரேஷன் வக்கீல் ஒருவரிடம் பேசுங்கள் என்று பதில் வந்தது. அங்குள்ள ஒரு வக்கீலுக்கு 200 டாலர் கட்டி, முக்கால் மணி நேரம் பேசினோம். ஒன்றே முக்கால் லட்சத்தில் கிடைக்காதது அந்த முக்கால் மணி நேரத்தில் கிடைத்தது.

அவர் சொன்னதையும் பிறகு நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். மூன்று வருடம், பத்து வருடம் என்ற தடைகள் 1996-இல் வந்த சட்டத்தில் இருக்கின்றன. 180 நாளைத் தாண்டி ஒரு வருடத்துக்குள் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று வருடம், ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம். வெளியேறிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். ஆனால் அதே சட்டப்பிரிவிலேயே, 18 வயது ஆகும் வரை தங்கிய நாட்கள் இந்தக் கணக்கில் சேராது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பிள்ளைக்கு அங்கேயே 18 முடிந்திருந்தால், அந்தப் பிறந்த நாளிலிருந்துதான் நாட்கள் ஓட ஆரம்பிக்கும். ஆக, 7 வயதில் திரும்பிய என் மகள் மீது அந்தத் தடை ஒரு நாள்கூட இருந்ததில்லை. எங்கள் இருவர் மீது இருந்தது, 2020-இல் முடிந்தும்விட்டது. இல்லாத தடைக்கு வேவர் என்று 1,20,000 வாங்கியிருக்கிறார்கள்.

வயது பார்க்காத ஒரு விதியும் உண்டு. ஐ-94 தேதியைத் தாண்டித் தங்கியவரின் பழைய விசா செல்லாததாகிவிடும், அடுத்த விசாவுக்குச் சொந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் விண்ணப்பிக்கும் நமக்கு இதனால் சிக்கல் இல்லை. சிங்கப்பூர் போயிருந்தால்தான் சிக்கல்!

இனி உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். டிஎஸ்-160-இல், நீங்கள் எப்போதாவது அமெரிக்காவில் சட்டவிரோதமாக இருந்ததுண்டா, அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கியதுண்டா என்று ஒரு கேள்வி வரும். அப்போது என்ன வயது என்று அது கேட்பதில்லை. குழந்தையாக இருந்திருந்தாலும் பதில் “ஆம்” தான். “ஆம்” போட்டால் விளக்கம் எழுத ஒரு பெட்டி திறக்கும், அதில் வயதைச் சொல்லலாம். ஓவர்ஸ்டேயைச் சொன்னதால் அவளுக்குத் தடை வந்திருக்காது. மறைத்தால், விசாவுக்காகப் பொய் சொன்னார் என்ற பிரிவின் கீழ் கொண்டுபோக முடியும். அந்தத் தடைக்குக் கால வரம்பே கிடையாது. அப்படி ஒரு முடிவு பதிவாகிவிட்டால், படிக்கப் போகவும் சுற்றிப் பார்க்கவும் ஒவ்வொரு முறையும் விலக்கு கேட்டு நிற்க வேண்டும். மகளிடம் கொடுத்த தாளில் 214(பி) மட்டும் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். பொய் வெளிப்படும் முன்பே, கேட்ட முதல் கேள்விக்கே அவளாக உண்மையைச் சொன்னது பெரிய பாதுகாப்பு என்று வக்கீல் சொன்னார். அந்த இரவு ஏஜென்ட் போனை எடுத்து எங்களைச் சமாதானப்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

இரண்டாவது விண்ணப்பத்தை மகளே உட்கார்ந்து நிரப்பினாள், இரண்டு நாள் எடுத்தது. முன்பு அமெரிக்காவில் இருந்தது, பழைய எச்-4 விசா எண், முந்தைய நிராகரிப்பு என எல்லாவற்றையும் எழுதினாள். விளக்கப் பெட்டியில் நாலே வரி: பெற்றோருடன் எச்-4 விசாவில் இருந்தேன், ஐ-94 இந்தத் தேதியில் முடிந்தது, இந்த மாதம் திரும்பினேன், அப்போது எனக்கு 7 வயது. முந்தைய படிவத்தை ஏஜென்ட் நிரப்பினார், அதில் இருந்த “இல்லை” தவறு என்று ஒரு வரி சேர்த்தாள். படிவம் நிரப்ப யாராவது உதவினார்களா என்றும் அதில் ஒரு கேள்வி இருக்கிறது. ஏஜென்ட் நிரப்பினால் அவர் பெயர் அங்கே வர வேண்டும். முதல் படிவத்தில் அதற்கு என்ன போட்டிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பழைய பாஸ்போர்ட், ஐ-94 ஒட்டியிருந்த பழைய விசா அனுமதித் தாள், எடிசன் பள்ளியின் ரிப்போர்ட் கார்டு, இங்கே இரண்டாம் வகுப்பில் சேர்த்த சான்று எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்தோம். பழைய பாஸ்போர்ட்டைக் கொண்டுபோகாதே என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். தயவுசெய்து அதை எறிந்துவிடாதீர்கள், கட்டாயம் கொண்டுபோங்கள். விசா கட்டணம் 185 டாலரைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் 350 டாலர் செவிஸ் கட்டணம், நிராகரிப்புக்குப் பின் 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்கு விண்ணப்பித்தால் மறுபடி கட்ட வேண்டியதில்லை. எங்களிடம் வாங்கிய அந்த 30,000 எங்கேயும் கட்டப்படவே இல்லை.

நவம்பரில் இரண்டாவது இன்டர்வியூ. குழந்தைப் பருவத்தைப் பற்றி ஒரே கேள்விதான்: அப்போது உனக்கு என்ன வயது? அப்பா இப்போது என்ன செய்கிறார், இந்தப் படிப்பு எதற்கு என்று மீதிக் கேள்விகள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், விசா கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு செமஸ்டர் தள்ளிப்போனாலும் 2025 ஜனவரியில் சேர்ந்துவிட்டாள். எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பம் முன்பு தங்கிவிட்டதைப் பார்த்து, இந்தப் பிள்ளையும் திரும்பாதோ என்று அதிகாரி சந்தேகப்படலாம், 214(பி) மறுபடியும் வரலாம். ஆனால் அதற்குப் பிறகு இன்னொரு முறை விண்ணப்பிக்க வழி இருக்கும்.

ஏற்கெனவே படிவம் போய்விட்டதென்றால், இன்றைக்கே ஏஜென்டிடமிருந்து அப்ளிகேஷன் ஐடியையும் பாதுகாப்புக் கேள்வியின் பதிலையும் வாங்குங்கள். அவற்றோடு குடும்பப் பெயரின் முதல் ஐந்து எழுத்தும் பிறந்த வருடமும் இருந்தால் விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கலாம். தவறு இருந்தால் புதிய டிஎஸ்-160 நிரப்பி, அந்த எண்ணை அப்பாயின்ட்மென்ட் கணக்கில் மாற்றுங்கள். இன்டர்வியூ நாள் நெருங்கும்வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பணத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் என் கணவர் மனு போட்டிருக்கிறார். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது இல்லாத 1,20,000-க்கு ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும், “வேவர் ஃபைல் ரெடி ஆயிட்டு இருக்கு சார்” என்று வந்த வாட்ஸ்அப் செய்தியையும் சேர்த்திருக்கிறோம். எதிர்த்தரப்பு இதுவரை இரண்டு வாய்தா வாங்கியிருக்கிறது.