ஒரு சார்ஜர், இரண்டு ஊர்: வெயிலும் பனியும் பார்த்த அனுபவம்

புது போன் டப்பாவில் சார்ஜர் வைப்பதை ஆப்பிள் 2020-ல் நிறுத்தியது. அடுத்த வருடமே சாம்சங்கும் அந்த வழிக்கு வந்தது. அதனால் இப்போதெல்லாம் போன் வாங்கும் அன்றைக்கே சார்ஜருக்கும் கேபிளுக்கும் தனியாக அலைய வேண்டியிருக்கிறது. நான் வாங்கியது 5000 எம்ஏஎச் பேட்டரியும் 25 வாட் வேகமும் கொண்ட சாம்சங். அதற்கு எடுத்தது 45 வாட் கேலியம் நைட்ரைடு (டப்பாவில் GaN என்று இருக்கும், அளவில் சின்ன வகை) சார்ஜர் ஒன்று, ஒரு மீட்டர் டைப் சி கேபிள் ஒன்று. ஒரு வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. வாரநாட்களில் சேலம் கொண்டலாம்பட்டியில், தறிக்கூடத்தை ஒட்டிய எங்கள் வீடு. விடுமுறை கிடைத்தால் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மாமனார் வீடு. இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகளும் நல்ல வெப்பநிலை வித்தியாசமும் இருப்பதால், ஒரே சார்ஜர் எங்கே எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வசதியாகப் போனது.

முதலில் வாங்கிய கதை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைப் பையன் 65 வாட் என்று பெரிதாக அச்சிட்ட டப்பாவை எடுத்து நீட்டினான்.

“எந்தப் போனுக்குப் போட்டாலும் பறக்கும்ணே.”

“பிபிஎஸ் இருக்கா தம்பி?”

“அதெல்லாம் எல்லாமே இருக்கும்ணே.”

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை. சார்ஜர் வாங்கும்போது முன்பக்கத்துப் பெரிய எண்ணை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ‘அவுட்புட்’ என்று இருக்கும் வரிகளைத்தான் படிக்க வேண்டும். அங்கே 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர் என்று ஒரு வரிசை இருக்கும். அது பவர் டெலிவரி, சுருக்கமாக ‘பிடி’ (PD). அதன் கீழே பிபிஎஸ் (PPS) என்று தனியாகப் போட்டு 3.3 முதல் 11 வோல்ட் என்பதுபோல் ஓர் இடைவெளி கொடுத்திருந்தால்தான் சாம்சங்கின் முழு வேகம் வரும். பிபிஎஸ்ஸில் போன் தனக்கு அந்த நொடியில் எத்தனை வோல்ட் வேண்டுமோ அதைச் சின்னச் சின்னப் படியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். போனுக்குள்ளே வோல்ட்டைக் குறைக்கும் வேலை மிச்சம்; சூடும் குறைவு. சாம்சங்கின் சொந்த 25 வாட் சார்ஜரிலேயே 11 வோல்ட், 2.25 ஆம்பியர் என்று பிபிஎஸ் வரி இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 25 வாட்டுக்கு ஒரு மயிரிழை குறைவு.

பிபிஎஸ் இல்லாத 65 வாட் சார்ஜரைப் போட்டாலும் போன் ஏறும், ஆனால் திரையில் வெறும் ‘ஃபாஸ்ட் சார்ஜிங்’ என்றுதான் வரும். ‘சூப்பர் ஃபாஸ்ட்’ என்று வந்தால் பிபிஎஸ் கைகொடுக்கிறது என்று அர்த்தம். கடையிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும்போது போட்டுப் பார்ப்பது நல்லது.

25 வாட் போனுக்கு 45 வாட் சார்ஜர் போட்டால் பேட்டரி வெந்துவிடாதா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். வேகாது. சந்தையில் மாட்டுக்குத் துண்டைப் போட்டு விரல் பிடித்துப் பேரம் பேசுவதுபோல, செருகியவுடன் சார்ஜரும் போனும் கேபிளுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்கின்றன. தன்னால் என்னென்ன தர முடியும் என்று சார்ஜர் சொல்லும். எது வேண்டும் என்று போன்தான் தேர்ந்தெடுக்கும். பேச்சு முடியும்வரை 5 வோல்ட்டைத் தாண்டாது. 45 வாட் எடுத்ததற்கு என் காரணம் வேறு: முழுத் திறனில் மூச்சுப் பிடித்து ஓடாததால் சார்ஜர் அவ்வளவாகச் சுடுவதில்லை.

இந்தக் கணக்கெல்லாம் எல்லா போனுக்கும் ஒத்துவராது. என் மனைவியுடையது சூப்பர்வூக் போன், அதாவது ஒப்போ, ஒன்பிளஸ் வகையறாவின் சொந்த வேக சார்ஜ் முறை. அந்த வகை, டைப் சி-யின் பொது விதியான 5 ஆம்பியரைத் தாண்டியே போகும். 65 வாட் மாடலில் 10 வோல்ட், 6.5 ஆம்பியர். அதற்கு அதனுடன் வந்த சார்ஜரும் அதே கேபிளும்தான் சரி. என் சார்ஜரில் அவள் போன் ஏறுகிறது, ஆனால் அவளுக்குப் பொறுமை போதவில்லை. “உங்க சார்ஜர் உங்களுக்கே இருக்கட்டும்” என்று முதல் வாரத்திலேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஒரே சார்ஜரில் வீட்டையே ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் முதலில் வீட்டில் என்னென்ன போன் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக்கு நான் பார்த்தவை இரண்டுதான். ஒன்று, பிஐஎஸ் (BIS) எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு. சார்ஜரின் மேல் அந்த முத்திரையும், அதோடு ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரித்தது, என்ன பொருள் என்று காட்டும். முத்திரையை யாரும் அச்சடித்துவிடலாம்; எண் செயலியில் வேறொரு பொருளைக் காட்டினால் குட்டு உடைந்துவிடும். இன்னொன்று, ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி. உள்ளே வரும் 230 வோல்ட்டுக்கும் நம் கையில் இருக்கும் பக்கத்துக்கும் நடுவே இரட்டைக் காப்பு இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. மலிவுச் சரக்கில் காசு மிச்சம் பிடிப்பதே பெரும்பாலும் அந்தக் காப்பில்தான்.

நல்ல சார்ஜரிலும், சார்ஜ் ஆகும்போது போனின் உலோக விளிம்பை விரலால் மெல்லத் தடவினால் சில நேரம் சுருசுருவென்று இருக்கும். இரைச்சலை அடக்க வைத்திருக்கும் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும், விதி அனுமதித்த அளவு மின்சாரம் அது. பயம் வேண்டாம். விரல் வெட்டி இழுக்கும்படி அடித்தால் அது ஷாக். சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

துபாயிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த மூன்று பட்டைப் பின் சார்ஜர் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. உசத்தியான பொருள்தான். ஆனால் நம் ஊர் பிளக்குக்கு அடாப்டர் வைத்துப் போட்டால் அதன் கனத்துக்கே தலை தொங்குகிறது. மாமனார் வீட்டுப் பழைய சாக்கெட்டில் ‘சட்சட்’ என்று பொறி சத்தம் கேட்டது. அதோடு சரி. லூசான பிளக்கில் வரும் சூட்டுக்கு எந்த முத்திரையும் காவல் இல்லை.

அப்புறம் கேபிள். உண்மையில் எனக்கு வேலை வைத்தது இதுதான். இரண்டு பக்கமும் டைப் சி உள்ள சாதாரண கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரை தாங்க வேண்டும் என்பது விதி. 25 வாட் போனுக்கு அது தாராளம். சாம்சங்கின் 45 வாட் மாடல் வைத்திருப்பவர்களுக்குத்தான் 5 ஆம்பியர் கேபிள் தேவை. அதன் தலைக்குள் இ-மார்க்கர் என்ற சிப் இருந்து “நான் 5 ஆம்பியர் தாங்குவேன்” என்று சார்ஜரிடம் சொல்லும். சிப் இல்லையென்றால் சார்ஜர் 3 ஆம்பியருக்கு மேல் தராது.

கட்டிலுக்கு எட்டட்டும் என்று இரண்டு மீட்டர் கேபிள் ஒன்றும் வாங்கினேன். தடித்த நைலான் பின்னல், பார்க்க அம்சமாக இருந்தது. பின்னலுக்குள் செம்பு எவ்வளவு என்பது பிடித்துப் பார்த்தால் தெரியாதே. கேபிளின் தடை கால் ஓம் இருந்தாலே போதும், 3 ஆம்பியர் போகும்போது இரண்டு வாட்டுக்கு மேல் கேபிளிலேயே சூடாகப் போய்விடும். நம் கட்டில் கேபிள் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது, சார்ஜும் மெதுவாகவே ஏறியது. கொஞ்ச நாளில் தலைப்பக்கம் ஆடத் தொடங்கி, ஒரு கோணத்தில் வைத்தால்தான் ஏறுவேன் என்று அடம் பிடித்தது. அப்படி விட்டுவிட்டுத் தொடும் கேபிளைச் சாய்த்து வைத்து ஓட்டக் கூடாது. கெடுவது போனின் போர்ட். கேபிள் மாற்ற நூற்றுக்கணக்கில் போகும், போர்ட் மாற்ற ஆயிரக்கணக்கில். ஒரு மீட்டர் கேபிள் இன்றுவரை கல் மாதிரி இருக்கிறது.

இனி வெயில். போன் கம்பெனிகள் பொதுவாகச் சொல்லும் பயன்பாட்டு வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி. சேலத்தில் சித்திரை, வைகாசியில் பகல் 35-ஐத் தாண்டுவது வெகு சாதாரணம். அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கேட்கவே வேண்டாம். அந்த மாதங்களில் மதியம் போட்டால், சார்ஜர் 25 வாட் தரத் தயாராக இருந்தும் போன் பாதியைத்தான் வாங்கும். மற்ற நாளில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போட்டால் நிறைவது, அப்போது இரண்டு மணி நேரத்தைத் தொடும். சூடு தணியும்வரை சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தியிருக்கிறேன் என்று அறிவிப்புகூட வந்திருக்கிறது. கோளாறு என்று கடைக்கு ஓட வேண்டாம். லித்தியம் பேட்டரிக்குச் சூட்டைவிடப் பெரிய எதிரி கிடையாது. போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. கவரைக் கழற்றி, ஃபேன் காற்றில், சிமெண்டுத் தரையிலோ கடப்பைக் கல்லிலோ வைத்தால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். தலையணை மேல் வேண்டவே வேண்டாம்.

அதே போன், அதே சார்ஜர், ஏற்காட்டில் வேறு முகம் காட்டும். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம், மே மாதத்திலும் ஜன்னலைத் திறந்தால் போதும். காபி குடித்து முடிப்பதற்குள் பாதி ஏறிவிடும் என்று மச்சான் சொல்வது கொஞ்சம் அதிகம். அரை மணி நேரத்தில் பாதியைத் தொடும் என்பது நான் பார்த்தது. பாதிக்கு மேல் வேகம் தானாகக் குறையும், கடைசி இருபது சதவீதம் எங்கே போட்டாலும் இழுக்கும். அவசரத்துக்கு 80 சதவீதத்தோடு கிளம்புவதுதான் லாபம்.

ஆனால் மலையில் வேறு தொல்லை. மூடுபனியில் நடந்து, ஈர ஸ்வெட்டர் பையில் போனை வைத்திருந்து கேபிளைச் செருகினால், நீர்த்துளிப் படம் காட்டிச் சார்ஜ் ஏற மறுக்கும். போர்ட்டில் ஈரம். வாயால் ஊதினால் இன்னும் ஈரம்தான் சேரும். போர்ட் கீழே பார்க்கும்படி பிடித்து லேசாகத் தட்டிவிட்டு, காற்றாட வைத்தால் போதும். அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாவு போய் அடைக்கும். கோடை மழை இடியோடு வரும்போது மாமியார் முதலில் டிவியைப் பிடுங்குவார், அடுத்து என் சார்ஜரை. அவர் செய்வதுதான் சரி. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே எடுத்துவிட வேண்டும். லோ வோல்டேஜ் பற்றி மட்டும் கவலை இல்லை. 100 முதல் 240 வோல்ட் வரை எதிலும் ஓடும் என்று சார்ஜரிலேயே எழுதியிருக்கிறது. டியூப் லைட் கண் சிமிட்டும் நேரத்திலும் போன் ஏறுகிறது.

கொண்டலாம்பட்டியின் தொல்லை பஞ்சு. தறிக்கூடத்துக்குப் போய்வரும் சட்டைப்பையில் போன் இருந்தால், போர்ட்டுக்குள் மெல்ல மெல்லப் பஞ்சு இறுகிக் கட்டையாகிவிடும். கேபிள் முழுசாக உள்ளே போகாது, முனை சுடும், ‘சூப்பர் ஃபாஸ்ட்’ காணாமல் போகும். போனை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் ஓரத்தை மட்டும் பதமாகச் சுரண்டி எடுக்கிறேன். ஊசியும் ஊக்கும் கூடாது. கேபிள் போய்விட்டது என்று எங்கள் தெருவில் தூக்கிப் போடும் கேபிளில் பாதிக்கு இந்த வைத்தியமே போதும் என்பது என் சந்தேகம்.

இரவு முழுக்கப் போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. செட்டிங்கில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியைப் போட்டிருக்கிறேன். இதுவரை காலையில் கழற்றி எடுத்தால் இரவு வரை சார்ஜ் நிற்கிறது.

மறுபடி வாங்கினால் இதே 45 வாட், ஒரே போர்ட். தம்பி இரண்டு போர்ட் உள்ளதை எடுத்தான். தனியாகப் போட்டால் அதுவும் அருமைதான். ஆனால் பக்கத்துப் போர்ட்டில் இயர்போனைச் செருகியவுடன் இரண்டுக்கும் இணைப்பு ஒரு கணம் அறுந்து, வாட்டைப் பங்குபோட்டு, போன் மெதுவான சார்ஜுக்கு இறங்கிவிடுகிறது. அப்படி வாங்குவதாக இருந்தால் இரண்டு போர்ட்டையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது எதற்கு எத்தனை வாட் என்ற வரியையும் டப்பாவில் தேடுங்கள். அவன் வாங்கியதில் அது போன் பக்கம் 20 வாட், பிபிஎஸ் இல்லாமல்.