புரோட்டாக்கா, மூலக்கூறுப் பசையா?

புற்றுநோய்ப் புரதத்தை முடக்குவதற்குப் பதில், செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியசோமிடம் பிடித்துக் கொடுத்து அழிப்பது என்று முடிவாகிவிட்டது. சரி, அதற்கான இரு மருந்து வகைகளான புரோட்டாக், மூலக்கூறுப் பசை, இவற்றில் எந்த வழியில் இறங்குவது? ஆராய்ச்சி மாணவர்கள் பலருக்கும் இங்கேதான் குழப்பம்.

வடிவமைப்பு: புரோட்டாக்கின் ஒரு முனை இலக்குப் புரதத்தைப் பிடிக்கும், மறுமுனை, அழிக்க வேண்டிய புரதத்துக்கு அடையாளமிடும் இ3 லைகேஸ் நொதியை. நடுவில் ஓர் இணைப்பு. ஆகவே திட்டமிட்டே கட்டலாம். பசையோ லைகேஸையும் இலக்கையும் ஒட்டவைக்கும் ஒரே சிறு மூலக்கூறு; பெரும்பாலும் தற்செயலாகச் சிக்குவது. லெனலிடோமைடு என்ற இரத்தப் புற்றுநோய் மருந்து ஒரு பசைதான்; அது 2005-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இ3 லைகேஸின் பகுதியான செரிப்ளானோடு சேர்ந்து ஐகரோஸ், அயோலோஸ் புரதங்களை அது அழிக்கிறது என்று தெரிந்ததோ 2014-இல்.

அளவு: லெனலிடோமைடு சுமார் 259 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). புரோட்டாக் பெரும்பாலும் 700-ஐத் தாண்டும்; மாத்திரையாக்குவது பெரும் தலைவலி.

மருந்தளவு: புரோட்டாக் மிதமிஞ்சினால் வேலை குறையும். இலக்கை ஒரு மூலக்கூறும் லைகேஸை வேறொன்றும் பிடித்துக்கொள்ள, இரண்டும் சந்திப்பதே இல்லை. பசைக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

ஈஸ்ட்ரஜன் ஏற்பி போல மருந்து உட்காரக் குழி உள்ள இலக்கு என்றால் புரோட்டாக். மரபணுக்களின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும், குழியே இல்லாத படியெடுத்தல் காரணிகளுக்குப் பசை; ஆனால் ஆயிரக்கணக்கில் சேர்மங்களைச் சலிக்க வசதி வேண்டும். நிதியும் காலமும் குறைவென்றால், என் ஓட்டு புரோட்டாக்குக்கே.