அக்ரா நகருக்குள் பயிரிட லெட்யூஸா, முட்டைக்கோஸா?

கானாவின் தலைநகரான அக்ராவில், ஜோர்வுலு பகுதியின் உயர் அழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் நண்பர் ஒருவருடன் கூட்டாகச் சில பாத்திகளை எடுத்தபோது, லெட்யூஸ் என்ற சாலட் கீரையை நடுவதா முட்டைக்கோஸ் நடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. லெட்யூஸை நட்டோம்; இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

இரண்டுக்கும் கோழி எருவே அடியுரம், பூவாளியே பாசனம். விற்பனைக்கும் குறைவில்லை.

முடிவைத் தீர்மானித்தது, நிலம் எத்தனை நாள் கையில் இருக்கும் என்பதுதான். நகருக்குள் காய்கறி விளையும் இடங்களில் பெரும்பகுதி அரசுக்கோ நிறுவனங்களுக்கோ உரியது. எழுத்து மூலமான குத்தகை அரிது. அங்கே கட்டடம் எழுப்பத் தீர்மானித்துவிட்டால், பயிர் எந்த நிலையில் இருந்தாலும் வெளியேற வேண்டியதுதான். லெட்யூஸ் நாற்று நட்ட நான்கைந்து வாரங்களில் அறுவடைக்கு வந்துவிடுகிறது. முட்டைக்கோஸுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. ஆகவே இடம் பறிபோனால் முன்னதில் ஒரு மாத உழைப்பு போகும். பின்னதில் மூன்று மாத உழைப்போடு உரமும் மருந்தும் சேர்ந்து போகும். மேலும், சந்தைப் பெண்கள் லெட்யூஸைப் பாத்தியோடு விலைபேசித் தாங்களே அறுத்துச் செல்வதால், அந்தப் பணம் அடுத்த நடவுக்கு உடனே உதவுகிறது.

இடையில் நட்டுப் பார்த்த முட்டைக்கோஸை வைரமுதுகு அந்துப்பூச்சி விடாது தாக்கியதால் மருந்துச் செலவு ஏறியது. ஆனால் நாங்கள் அதை ஒரே பருவம்தான் பயிரிட்டோம். வேப்பங்கொட்டைக் கரைசலால் அச்செலவு குறையுமா என்று அந்த அனுபவத்தைக் கொண்டு உறுதிகூற இயலாது.

லெட்யூஸுக்கு எதிரான வலுவான வாதம் தண்ணீரே. ஓடைகளிலும் வடிகால்களிலும் கழிவுநீர் கலக்கிறது. முட்டைக்கோஸின் வெளி இலைகளை உரித்துவிடலாம், லெட்யூஸையோ வாச்சே எனும் பயறு கலந்த சோற்றோடு பச்சையாகவே உண்கிறார்கள். இதை ஒதுக்கிவிட்டுப் பயிரிடுவது தகாது. இரண்டு குழிகள் வெட்டி, ஒன்றில் குடற்புழு முட்டைகள் அடியில் படிய மூன்று நாள் நீரைத் தேக்கிவைத்து, ஏற்கெனவே அவ்வாறு தெளிந்த மற்றதிலிருந்து அடி கலங்காமல் மேல்நீரை மட்டும் மொண்டு ஊற்றினோம். அறுவடைக்கு முன் நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிடும்படி உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. ஹர்மட்டான் வறள்காற்றில் அவ்வாறு இரண்டு நாள் நிறுத்தினாலே இலை வாடி எடை குறைகிறது, விலையும் இறங்குகிறது. அந்த இழப்பையும் செலவாகவே எழுதிக் கணக்கிட்ட பின்னும், எங்களுக்கு லெட்யூஸே கட்டுப்படியானது.