முக ஓவியத்திற்கென மலிவான ஆயில் பேஸ்டல் வாங்க எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை

இணைய விற்பனையாளர் ஒருவரிடம் 48 நிறங்கள் கொண்ட ஆயில் பேஸ்டல் பெட்டி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். அதே பெட்டி இன்னும் விற்பனையில் இருப்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது. பெட்டியின் மேல் ஒரு முதியவரின் முக ஓவியம் அச்சிடப்பட்டிருந்தது. அதன் கீழே ‘ஓவியர் தரம்’, ‘மிக மென்மையானது’, ‘ஒளியில் மங்காதது’ என்னும் மூன்று வாசகங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை என்று நான் முழுமையாக உணர்வதற்குள் நான்கு மாதங்கள் கடந்துவிட்டன.

மறைந்த என் பாட்டியின் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்து, அம்மாவுக்குக் கொடுப்பதற்காக அந்த முகத்தை வரையத் தொடங்கினேன். முதல் பூச்சு நன்றாகவே படிந்தது. இரண்டாவது பூச்சிலேயே தாளின் சொரசொரப்பு மெழுகால் அடைபட்டுப்போக, அதற்குமேல் தேய்த்த நிறம் எதுவும் ஒட்டாமல் வழுக்கியது. ஆயில் பேஸ்டல் என்பது நிறம் தரும் பொடியாகிய நிறமியை உலராத எண்ணெயோடும் மெழுகோடும் சேர்த்துச் செய்யும் குச்சி. நிறமியே இவற்றில் விலை கூடியது என்பதால், மலிவான குச்சிகளில் அதைக் குறைத்து, மெழுகையும் சுண்ணம் போன்ற நிரப்பிகளையும் கூட்டிவிடுவார்கள். ஒரு பூவையோ வானத்தையோ வரைபவர் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், கன்னத்தின் மேட்டிலிருந்து தாடையின் நிழலுக்குச் சிறிது சிறிதாக இறங்க வேண்டிய முக ஓவியத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக நான்கைந்து பூச்சுகள் ஏறாவிட்டால் தோலுக்கு உயிரே வராது. கண்மணியில் வைக்க வேண்டிய வெள்ளைப் புள்ளி, அடியிலிருந்த கரும்பழுப்பை இழுத்துக்கொண்டு சாம்பலாக மாறியது; கடைசியில் கத்தி முனையால் நிறத்தைச் சுரண்டித் தாளின் வெண்மையை வெளியே கொண்டுவந்துதான் அந்தக் கண்ணுக்கு ஒளி கொடுத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். படத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டு, நேர் வெயில் படாத சுவரில்தான் மாட்டினோம். நான்காம் மாதத்தில் அம்மா, “பாட்டி முகம் ஏன் இப்படி வெளிறிப் போச்சு?” என்று கேட்டபோதுதான் உற்றுப் பார்த்தேன். கன்னத்திலும் உதட்டிலும் இருந்த ரோஜா நிறம் அறவே மறைந்து, அதனோடு கலந்திருந்த காவி மஞ்சள் மட்டும் எஞ்சியிருந்ததால், மஞ்சள் காமாலை கண்டவரின் முகம்போல் அது மாறியிருந்தது. சட்டத்தைப் பிரித்துப் பார்த்தேன். சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையின் விளிம்புக்கடியில் ஒளி படாமல் மறைந்திருந்த பின்னணிப் பட்டை மட்டும், நான் பூசிய நாளின் அடர்ந்த ரோஜாவாகவே இருந்தது. இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

அந்தப் பட்டையைப் படமெடுத்து விற்பனையாளருக்கு அனுப்பினேன். பெட்டியைத் திறந்துவிட்டால் திரும்பப் பெற இயலாது என்பது முதல் பதில். திறக்காமல் ஒளியில் மங்குவதை எப்படி அறிவது என்று கேட்டதற்கு, இது சிறுவர் பயன்பாட்டுக்கான பொருள், முக ஓவியத்துக்கு ஏற்றதன்று என்றார்கள். பெட்டியின் மேலேயே முக ஓவியத்தை அச்சிட்டு விற்பவர்கள் இப்படிச் சொல்வதை நேர்மையின்மை என்றே சொல்வேன். அதன்பின் பதிலே வரவில்லை.

ஆயில் பேஸ்டல் 1920-களில் ஜப்பானின் சகுரா நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் கொண்டு உருவாக்கியது. ஓவியர் ஹென்றி கோட்ஸ், பிக்காசோவுக்காகக் கேட்டுக்கொண்டதன் பேரில், 1949இல் பிரான்சின் செனெலியே நிறுவனம் ஓவியர்களுக்கான வகையைச் செய்தது. ஆக, ஒரே பெயரில் இருவேறு பொருட்கள் உலவுகின்றன. மாணவர் தரத்தை மாணவர் தரம் என்றே சொல்லி விற்றால் அதில் குறையேதுமில்லை.

எனவே, வாங்குமுன் நிறமிக் குறியீடுகளைக் கேளுங்கள். டைட்டானியம் வெள்ளைக்கு பி.டபிள்யூ. 6, இரும்பு ஆக்சைடு சிவப்புக்கு பி.ஆர். 101 என ஒவ்வொரு நிறமிக்கும் உலகெங்கும் வழங்கும் குறியீடு உண்டு. அதைச் சொல்ல மறுப்பவர் ‘மங்காதது’ என்று எழுதினால் நம்பாதீர்கள். ‘நச்சற்றது’ என்னும் முத்திரையையும் தரத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது உடல்நலம் பற்றியது, நிறம் நிலைப்பதைப் பற்றியதன்று. செலவைக் குறைக்க விரும்பினால், 48 நிறப் பெட்டிக்குப் பதிலாக நல்ல வகையில் வெள்ளை, காவி மஞ்சள், இரும்புச் சிவப்பு, அம்பர் (umber) என்னும் மண் பழுப்பு, ஒரு கருநீலம் எனத் தனிக் குச்சிகளாக வாங்குங்கள். தோல் நிறங்களில் பெரும்பாலானவை இவற்றிலிருந்தே கிடைக்கும். இவற்றுள் காவி மஞ்சள், இரும்புச் சிவப்பு, பழுப்பு ஆகிய மண் நிறமிகள் ஒளியில் எளிதில் மங்குவதில்லை. தாளுக்கு முன்கூட்டியே ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சைப் பூசுங்கள். இல்லையேல் எண்ணெய் ஊறிப் பின்புறம் கறை படியும்.

நானும் இப்போது அப்படி ஐந்து குச்சிகளை வாங்கி, ஒவ்வொன்றாலும் ஒரு பட்டை தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன். ஆறு வாரங்களாகியும் மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் வேறுபாடு தெரியவில்லை. மூன்று மாதம் நிறைந்த பிறகு பாட்டியின் முகத்தை மறுபடியும் தொடங்குவேன்.